சாலைக்குப் பனியைக் கொண்டு வரும் ஊர்: ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸின் குளிர்காலத் திருவிழா

பனி பெய்யும் ஊர்களில் நகராண்மைக் கழகத்துக்குக் குளிர்காலம் முழுவதும் ஓயாத வேலை ஒன்று உண்டு. சாலையில் விழும் பனியை வாரி, லோரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற சிறு பட்டணத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அந்த வேலை தலைகீழாக நடக்கிறது. பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு வார இறுதியில் லோரிகள் பனியை ஊருக்குள் கொண்டு வருகின்றன. கடைகள் வரிசையாக நிற்கும் லிங்கன் அவென்யூ சாலையில் அதைக் கொட்டிப் பரப்பிச் சமன்படுத்துகிறார்கள். அது வெறும் கடைத்தெரு அல்ல. 40ஆம் எண் நெடுஞ்சாலையும் அதுதான். வாகனங்களைப் பக்கத்துத் தெருக்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை அந்தச் சாலையில் குதிரைகள் பாய்ந்து ஓடுகின்றன. குதிரைக்குப் பின்னால் நீளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பனிச்சறுக்குப் பலகையோடு பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள்.

இது அண்மையில் சுற்றுலாத் துறை யோசித்துக் கண்டுபிடித்த விளம்பர நிகழ்ச்சி அல்ல. 1914ஆம் ஆண்டில் தொடங்கிய ஊர்த்திருவிழா. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே தொடர்ந்து நடந்துவரும் குளிர்காலத் திருவிழாக்களில் இதுவே மிகப் பழமையானது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

ஸ்டீம்போட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மேசை நடுவே கொதிக்கும் சூப்பும் மீன் உருண்டையும்தான். இந்த ஊரின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கொதிநீருக்கும் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. இங்கே யாம்ப்பா ஆற்றங்கரை நெடுகிலும் கனிம ஊற்றுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, உள்ளே அழுத்தம் கூடிக் கூடித் தண்ணீரைத் தள்ளும்போது 'புஸ் புஸ்' என்று நீராவிப் படகு போலச் சத்தம் எழுப்பியதாம். 19ஆம் நூற்றாண்டில் தோலுக்காக விலங்கு பிடிக்க வந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, இந்த மலைக்காட்டில் படகா என்று திகைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். 1908 வாக்கில் இரயில் பாதை போடும் வேலை நடந்தபோது ஊற்றின் சத்தம் அடங்கிப்போனது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கு அதற்கு முன்பு யூட் பழங்குடியினரின் கோடைக்கால வேட்டை நிலம். 1870களில் வெள்ளையர் குடியேறத் தொடங்கினார்கள். 1880களின் தொடக்கத்தில் யூட் மக்கள் அரசாங்கத்தால் வேறு இடத்துக்கு அப்புறப்படுத்தப்பட்டார்கள். திருவிழாவின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலையில் பிரிஞ்சாங் மலையுச்சிக்குப் போனவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது எளிது. அந்த உச்சியின் உயரமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். நமக்கு உச்சி, அவர்களுக்கு அதுதான் பள்ளத்தாக்கின் அடி. அங்கிருந்துதான் மலைகள் எழும்பத் தொடங்குகின்றன. டென்வர் நகரிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தொலைவு. நடுவே ராபிட் இயர்ஸ் கணவாயைத் தாண்ட வேண்டும். பிப்ரவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை இறங்குவது அங்கே சாதாரணச் செய்தி. ஊரை ஒட்டிய பெரிய சறுக்கு மலையில் சராசரியாக ஓராண்டில் விழும் பனியை அடுக்கினால் ஏழரை மீட்டரைத் தாண்டும்.

சர்க்கஸில் பறந்த கொத்தனார்

இன்று பனி என்றால் அந்த ஊருக்குப் பணம். நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. மாடு வளர்க்கும் பண்ணைக் குடும்பங்களுக்குக் குளிர்காலம் என்பது அடைபட்டுக் கிடக்கும் காலம். கால்நடைகளுக்கு வைக்கோல் போடுவதற்கும் தபால் கொண்டுவருவதற்கும் காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். அது விளையாட்டு அல்ல, பிழைப்பு. அதை விளையாட்டாக்கியவர் கார்ல் ஹௌவல்சன் என்ற நோர்வேக்காரர்.

1877இல் பிறந்த ஹௌவல்சன், நோர்வேயின் புகழ்பெற்ற ஹோல்மென்கோலன் சறுக்குப் போட்டிகளில் வென்றவர். 1905இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வந்த இடத்தில் வெற்றிக் கிண்ணம் சோறு போடவில்லை. கொத்தனார் வேலை பார்த்தார். 1907இல் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் அவரை வேலைக்கு எடுத்தது. கூடாரத்துக்குள் செங்குத்தான சறுக்குமேடை ஒன்றைக் கட்டி, அதிலிருந்து அவரைக் காற்றில் பாயவிட்டார்கள். 'பறக்கும் நோர்வேக்காரர்' என்று விளம்பரமும் செய்தார்கள். பிறகு அவர் டென்வருக்கு வந்து மீண்டும் கொத்து வேலையைப் பிடித்தார்.

1911 கடைசியில் ஹௌவல்சனும் ஒரு நண்பரும் மலைகளின் ஊடே சறுக்கிக்கொண்டே ஹாட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நடந்துகொண்டிருந்த சிறிய குளிர்கால விழாவில் அவர் தாண்டிக் காட்டியதைப் பார்த்த ஊர்க்காரர்கள், 1912 பிப்ரவரியில் முழு அளவிலான குளிர்காலத் திருவிழாவையே நடத்திவிட்டார்கள். மறு ஆண்டே ஹௌவல்சன் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் குடியேறினார். 1914 பிப்ரவரியில் அங்கே முதல் திருவிழா நடந்தது. சறுக்கி வந்து மேடையின் விளிம்பிலிருந்து காற்றில் பாயும் தாண்டல்தான் முக்கிய நிகழ்ச்சி.

ஹௌவல்சன் தாண்டிக் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. ஊர்ப் பிள்ளைகளைத் திரட்டிப் பழக்கினார். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் மலைக்கு ஓடினார்கள். ஊர் நடுவே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்குத்தாக எழும் குன்றில் 1915 முதல் தாண்டல் மேடை அமைந்தது. அந்தக் குன்றுக்குப் பிறகு அவருடைய பெயரையே வைத்தார்கள்: ஹௌவல்சன் ஹில். அவரோ 1922இல் பெற்றோரைப் பார்க்க நோர்வேக்குப் போனவர், அங்கேயே திருமணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். 1955இல் காலமானார். ஒன்பதே ஆண்டுகள் இருந்த ஒருவர் ஓர் ஊரின் தலையெழுத்தையே மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

குளிர்காலத் திருவிழா என்ற எண்ணமே ஹௌவல்சனுடையது என்று சொல்ல முடியாது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம் 1886இலேயே ஒன்றை நடத்தியது. ஆனால் அது பெருநகரத்தின் விழா; பனிக்கட்டியால் அரண்மனை கட்டி, ஊர்வலம் விட்டு, உலகத்துக்குத் தன்னைக் காட்டிக்கொண்டது. ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுக்க விழா எடுத்தது. அந்த வேறுபாடு இன்றுவரை நிகழ்ச்சி நிரலில் தெரிகிறது.

தெருவில் நடப்பவை

திருவிழா புதன்கிழமை வாக்கில் தொடங்கி ஞாயிறு வரை நீளும். சனி, ஞாயிறு காலைகளில் நடக்கும் தெருப் போட்டிகள்தான் ஊர்மக்கள் உயிரை விடும் பகுதி. எல்லாமே குதிரையைச் சுற்றி அமைந்தவை. குதிரைகளும் அவற்றை ஓட்டுகிறவர்களும் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து வருகிறவர்கள். பழைய மாட்டுப்பண்ணை வாழ்க்கையும் புதிய சறுக்கு வாழ்க்கையும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் இருப்பதை இந்தத் தெருவில் கண்ணால் பார்க்கலாம்.

குதிரை இழுக்க மனிதர் சறுக்கிப் போவதற்கு ஸ்கீஜோரிங் என்று பெயர். நோர்வே மொழிச் சொல்லிலிருந்து வந்தது. சறுக்குப் பலகையில் ஓட்டிச் செல்லுதல் என்று பொருள்படும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. கயிற்றைப் பிடித்து நிற்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும். குதிரை கிளம்பும் அந்த முதல் நொடியில் கை தோளிலிருந்து பிய்ந்து வருவது போல இழுக்கும். கயிறு தளர்ந்து திடீரென இறுகினால் ஆள் முகம் குப்புற விழ வேண்டியதுதான். அதனால் முழங்காலை மடக்கி, உடலைச் சற்றுப் பின்சாய்த்து, கயிற்றைத் தளரவிடாமல் ஓட வேண்டும். பனிமேல் ஓடும் குதிரைக்கு லாடத்தில் முனைகள் பொருத்துவார்கள். குளம்புக்கு அடியில் பனி உருண்டையாகத் திரளாமல் இருக்க ரப்பர் தகடும் வைப்பது உண்டு.

பிள்ளைகளுக்கான ஒரு போட்டியில் சறுக்கிக்கொண்டே போகும் பிள்ளை ஒரு கையில் கயிற்றையும் மறு கையில் ஈட்டி போன்ற குச்சியையும் பிடித்திருப்பார். வழியில் தொங்கும் வளையங்களைக் குச்சியில் கோத்து எடுக்க வேண்டும். யார் அதிக வளையம் எடுத்தார் என்பதே கணக்கு. இன்னொன்றுக்கு 'டாங்கி ஜம்ப்', அதாவது கழுதைத் தாண்டல் என்று பெயர். பெயரில்தான் கழுதை இருக்கிறது, இழுப்பது குதிரை. சாலை நடுவே பனியால் ஒரு மேடு கட்டியிருப்பார்கள். குதிரை மேட்டின் ஓரமாகப் பாய, பிள்ளை மேட்டின்மேல் ஏறிக் காற்றில் தாவி இறங்க வேண்டும். எவ்வளவு தூரம் தாண்டினார் என்று அளப்பார்கள். இறங்கும்போது விழுந்து, எழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளுக்கு, வென்றவரைவிடக் கூடுதல் கைதட்டல் கிடைப்பதும் உண்டு.

பெரியவர்களுக்கு மண்வாரிப் பந்தயம். வாசலில் பனி அள்ளும் அகன்ற மண்வாரியை எடுத்து, அதன் தட்டில் உட்கார்ந்து, கைப்பிடியைக் கால்களுக்கு நடுவே நீட்டி, குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி. குதிரை எழுப்பும் பனித்தூள் முழுவதும் முகத்தில்தான் விழும். சாலையின் பாதியிலேயே மண்வாரி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாகப் பிரிந்துவிடுவது வழக்கம். வீட்டில் தினம் முதுகை ஒடிக்கும் கருவியை வைத்தே ஊரைச் சிரிக்க வைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிறகு பேண்டு வாத்தியம். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் இடைநிலைப்பள்ளியின் பேண்டு குழு 1935 முதல் காலில் சறுக்குப் பலகை அணிந்து ஊர்வலம் வருகிறது. நடந்துகொண்டே ஊதுவதே கடினம். இவர்கள் வழுக்கிக்கொண்டு ஊதுகிறார்கள். ஊன்றுகோல் பிடிக்கக் கை கிடையாது, கையில் வாத்தியம். கடுங்குளிரில் பித்தளையின் வாய்ப்பகுதி உதட்டில் ஒட்டிக்கொள்ளும், மூச்சின் ஈரம் உறைந்து வால்வுகள் இறுகிவிடும். பித்தளை வாத்தியக்காரர்கள் இதற்காகப் பிளாஸ்டிக் வாய்ப்பகுதி மாட்டிக்கொள்வது பனி நாடுகளில் வழக்கம். சுருதி பிசகுவதைப் பற்றி அன்று யாரும் கவலைப்படுவதில்லை.

குன்றின்மேல் ஒரு விளக்கு மனிதர்

சனிக்கிழமை இரவு எல்லாரும் ஆற்றைத் தாண்டி ஹௌவல்சன் ஹில் அடிவாரத்துக்குப் போகிறார்கள். ஊர் விளக்குகளுக்கு மிக அருகிலேயே மலை இருப்பதால், தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். சிறு பிள்ளைகள் உடலில் விளக்கு கட்டிக்கொண்டு வரிசையாகச் சறுக்கி இறங்குவார்கள். பெரியவர்கள் தீப்பந்தம் ஏந்தி மலையின் குறுக்கே வளைந்து வளைந்து வருவார்கள். இருட்டில் ஆள் தெரியாது. தீ மட்டும் பாம்பு போல இறங்கும். தாண்டல் வீரர்கள் எரியும் வளையத்துக்குள் புகுந்து பாய்வார்கள்.

கூட்டம் காத்திருப்பது இன்னொருவருக்காக. 1936இல் கிளாடியஸ் பேங்க்ஸ் என்ற ஊர்க்காரர் ஓர் உடை தயாரித்தார். உடையிலும் தலைக்கவசத்திலும் மின்விளக்குகளை வரிசையாகப் பொருத்தி, பேட்டரியைத் தன் மேலேயே சுமந்துகொண்டு, இருட்டில் மலையிலிருந்து சறுக்கி இறங்கினார். முதுகிலிருந்து வாணங்கள் சீறிக் கிளம்பின. 'லைட்டட் மேன்' என்று ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. அவருக்குப் பின் அவர் மகன் ஜோன் பேங்க்ஸ் அந்த உடையை அணிந்தார். வெளியூர்க்காரருக்கு அது ஒரு வேடிக்கை. ஊர்ப் பிள்ளைகளுக்கோ, தாத்தாவும் அப்பாவும் சின்ன வயதில் பார்த்த அதே உருவம் இன்றும் அதே மலையில் இறங்குகிறது.

கடைசியில் வாணவேடிக்கை. 2020 பிப்ரவரி 8ஆம் தேதி இந்தத் திருவிழா கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. டிம் போர்டன் என்ற ஊர்க்காரரும் அவருடைய குழுவினரும் 62 அங்குல விட்டமும் ஏறத்தாழ 1,270 கிலோ எடையும் கொண்ட ஒற்றை வாணக்குண்டை எமரால்ட் மலையிலிருந்து ஏவினார்கள். ஒரு சிறிய காரின் எடை. அது வானத்தில் வெடித்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் சிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே முயற்சி தோற்றது. குண்டு குழாயைவிட்டு மேலெழாமல் உள்ளேயே வெடித்துவிட்டது. ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் போன பிறகும் மறுபடி உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

வில்லை வாங்கினால் பிள்ளை விளையாடும்

திருவிழாவைப் பார்க்கப் பெரிய நுழைவுச்சீட்டு எல்லாம் இல்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வில்லையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பணம் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் குளிர்கால விளையாட்டு மன்றத்துக்குப் போகிறது. திருவிழாவை நடத்துவதும் அந்த மன்றம்தான். ஹௌவல்சன் காலத்தில் பிறந்த அமைப்பு அது. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சறுக்கு, தாண்டல், நெடுந்தூரச் சறுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கிறது. தெருவில் வளையம் கோக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த மன்றத்துப் பிள்ளைகள். வேலிக்கு அருகே நின்று வழி காட்டுபவர்களும் சூடான சாக்லேட் பானம் ஊற்றுபவர்களும் அவர்களின் பெற்றோர். நம் ஊர்க் கோத்தோங் ரோயோங் போலத்தான்.

சுமார் 13,000 பேர் வாழும் இந்த ஊர் ஏறக்குறைய நூறு குளிர்கால ஒலிம்பிக் வீரர்களை அனுப்பியிருக்கிறது. வட அமெரிக்காவில் வேறு எந்த ஊரும் இத்தனை பேரை அனுப்பியதில்லை என்கிறார்கள். பட்டி வெர்னர் இந்தக் குன்றில் பழகியவர். 1959இல் ஆஸ்திரியாவின் ஹானென்காம் இறக்கப் போட்டியை வென்ற முதல் அமெரிக்கர். அவருடைய அக்காவும் தம்பியும்கூட ஒலிம்பிக் வீரர்கள். 1964இல் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் சிக்கி 28 வயதில் பட்டி இறந்தார். ஊரின் பெரிய சறுக்கு மலைக்கு மவுண்ட் வெர்னர் என்று பெயர் மாற்றினார்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஜோனி ஸ்பிலேன் மூன்று வெள்ளிப் பதக்கங்கள் வாங்கினார். டோட் லோட்விக் ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டு, 2014 சோச்சி தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தினார்.

ஸ்பிலேனும் லோட்விக்கும் விளையாடியது நோர்டிக் கம்பைண்ட் என்ற இரட்டைப் போட்டி. முதலில் தாண்டல், பிறகு நெடுந்தூரச் சறுக்கு. ஹௌவல்சன் நோர்வேயிலிருந்து கொண்டுவந்த கலையும் அதுதான். இந்த ஊரில் பெண் பிள்ளைகளும் அதே மேடையில்தான் பழகுகிறார்கள். ஆனால் குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மூடிய கதவாக இருக்கும் ஒரே விளையாட்டு இதுதான். 2026 மிலான் - கோர்ட்டினா போட்டியிலும் பெண்கள் பிரிவு வேண்டாம் என்று அனைத்துலக ஒலிம்பிக் குழு 2022இல் முடிவு செய்தது. ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் வீராங்கனை அனிக்கா மலசின்ஸ்கி அதை எதிர்த்து வெளிப்படையாகக் குரல் கொடுத்து வருகிறார். அவருடைய தம்பி அதே விளையாட்டின் ஆண்கள் பிரிவில் இருக்கிறார். ஒரே வீடு, ஒரே மேடை, ஒருவருக்கு மட்டும் வாய்ப்பு.

பெரிய மலை, பெரிய விலை

ஊரில் இரண்டு சறுக்கு மலைகள் இருக்கின்றன என்பதை வெளியூர்க்காரர் பலர் கவனிப்பதில்லை. ஹௌவல்சன் ஹில் நகராண்மைக்குச் சொந்தமானது. உச்சிக்கும் அடிக்கும் இடையே 134 மீட்டர்தான் உயர வேறுபாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணம் இல்லாமல் சறுக்கவிடும் திட்டமும் அங்கே உண்டு. குன்றின் மண் இளகி நகரும் தன்மை கொண்டது. அவ்வப்போது சரிவு ஏற்பட்டு நகராண்மைக்குச் செலவு வைக்கும். அதற்காக அதை மூடிவிடுவோம் என்று ஊர் சொல்லவில்லை.

ஊருக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மவுண்ட் வெர்னர் 1963இல் திறந்த பெரிய உல்லாசத்தலம். இப்போது அல்டெரா என்ற பெரிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உச்சக் காலத்தில் அங்கே ஒருநாள் சீட்டுக்கு 200 அமெரிக்க டாலருக்கும் மேல் ஆகும். நம் வெள்ளியில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

விலை சறுக்கோடு நிற்கவில்லை. விடுமுறை வீடு வாங்குபவர்கள் வர வர, ஊரில் வேலை செய்பவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆசிரியர், தாதி, பேருந்து ஓட்டுநர், லிஃப்ட் இயக்குபவர் எல்லாருக்கும் இதே பிரச்சினை. பலர் ஹேடன், கிரேக் போன்ற பக்கத்து ஊர்களில் தங்கிப் பனிச்சாலையில் தினம் வந்து போகிறார்கள். 2021இல் பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் கொடுத்த நன்கொடையால் வட்டார வீடமைப்பு ஆணையம் பிரவுன் ரான்ச் என்ற 536 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கியது. உழைக்கும் குடும்பங்களுக்கு அங்கே வீடு கட்டுவது திட்டம். 2022 நவம்பரில், சுற்றுப்பயணிகளுக்குக் குறுகிய நாளைக்கு விடும் வீடுகளுக்கு 9 விழுக்காடு வரி போட ஊர்மக்கள் வாக்களித்தார்கள். வருவாயை வீடமைப்புக்குச் செலவிடுவதாக ஏற்பாடு. ஆனால் 2024 மார்ச்சில் அந்த நிலத்தை நகர எல்லைக்குள் சேர்க்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று பெரும்பான்மையினர் வாக்களித்துவிட்டார்கள். செலவு, தண்ணீர், நெரிசல் எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டன.

திருவிழாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். குதிரை கொண்டுவரும் பண்ணைக்காரர், வேலி கட்டும் பெற்றோர், பேண்டு வாசிக்கும் மாணவர், வாணம் செய்யும் ஆர்வலர் யாருமே சம்பளத்துக்கு வருபவர்கள் அல்லர். அந்த ஊரில் குடியிருப்பதால் வருபவர்கள். சுற்றுப்பயணிகள் பார்வையாளராக இருக்கலாம். தெருவில் தாவும் பிள்ளையை அவர்களால் தர முடியாது. பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள் பக்கத்து ஊர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தால், லோரி கொண்டுவந்து கொட்டும் பனிமேல் யார் ஓடுவது? தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறிய பிறகு, கோயில் திருவிழா என்னவாயிற்று என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

போக நினைப்பவர்களுக்கு

திருவிழாத் தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். பொதுவாக பிப்ரவரி முதல் அல்லது இரண்டாம் வாரம். டென்வர்வரை விமானத்தில் போய், அங்கிருந்து பேருந்தில் போகலாம், அல்லது ஹேடனில் உள்ள யாம்ப்பா பள்ளத்தாக்கு விமான நிலையத்துக்கு மாறிச் செல்லலாம். ஹேடனிலிருந்து ஊர் சுமார் 40 கிலோமீட்டர். பனியில் கார் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் ராபிட் இயர்ஸ் கணவாயில் வாடகைக் காரை எடுத்துப் பரீட்சை செய்ய வேண்டாம். சிங்கப்பூர்க் குடிமக்கள் இணையவழி முன் அனுமதி பெற்றால் போதும். மலேசியர்களுக்கு விசா வேண்டும். நேர்காணலுக்கு நாள் கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. திருவிழா வாரத்தில் தங்கும் அறைக்கும் அப்படித்தான்.

உயரமான ஊர் என்பதால் முதல் நாள் தலைவலியும் மூச்சு வாங்குவதும் வரலாம். தண்ணீர் நிறையக் குடித்து, அன்று ஓய்வெடுக்க வேண்டும். தடித்த ஒரே சட்டையைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் குளிரைத் தாங்கும். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடலைக் குளிர வைக்கும். இரவு நிகழ்ச்சியில் ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருப்பதால் கால்விரல்களுக்குத்தான் முதலில் ஆபத்து. கம்பளிக் காலுறையும் ஈரம் புகாத காலணியும் அவசியம். லிங்கன் அவென்யூவிலேயே பழைய வெந்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது. குளிரில் நின்று திரும்பியவர்கள் அங்கே போய் இறங்கி உட்கார்ந்துகொள்வார்கள். வில்லையைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு இறங்குங்கள். மறுநாள் காலை தெருப் போட்டிக்கு அது வேண்டும்.